உடலுக்குள் உழைக்கும் பொருட்கள் – 11: தறிப் பல்சக்கரமும் பூஜப்புரை வால்வும்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில் ஓர் ஆட்டின் இதயத்தில் வைத்த செயற்கை வால்வு உடைந்தது. தையல் போடுவதற்கான துணி வளையத்தை விட்டுவிட்டால் அந்த வால்வில் இரண்டே பாகங்கள்தான். ஒன்று, கோபால்ட் கலப்பு உலோகத்தில் கடைந்தெடுத்த கூடு. மற்றொன்று, அந்தக் கூட்டுக்குள் சாய்ந்து திறந்து மூடும் செயற்கை நீலக்கல் வட்டு. உடைந்தது வட்டு. வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது என்று பெயர் பெற்ற பொருள் அது. எத்தனை கோடி முறை மோதினாலும் தேயாது என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது தேயவில்லை. விரிசல் விட்டுச் சிதறியது.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவான கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள அரசுக்கு வழங்கியது. மாவேலிக்கரையில் பிறந்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அதற்குப் பொறுப்பேற்றார். ரீஜெண்ட் மகாராணி சேது லட்சுமிபாய் வாழ்ந்த பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனை பொறியாளர்களும் வேதியியலாளர்களும் வேலை செய்யும் இடமாக மாறியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி கிடைத்தது. நம் ஸ்ரீவராகம் குளக்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், அந்த அரண்மனை அறைகளில் நடந்த நான்கு முயற்சிகளைப் பற்றியது இந்த அத்தியாயம். ஆனால் நான்காவது முயற்சியில் வென்ற பொருளின் கதை இதயத்தில் தொடங்கவில்லை, இடுப்பு எலும்பில் தொடங்குகிறது. அதனால் முதலில் இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போக வேண்டும்.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்கார்ந்திருக்கும் இடுப்புக் குழி ஒரு கிண்ணம். இரண்டின் மேலும் பூசினாற்போல் குருத்தெலும்பு. இந்தக் குருத்தெலும்பு அழிந்தவருக்கு ஒவ்வோர் அடியும் வேதனை. 1891இல் பெர்லினில் தெமிஸ்டோகிளஸ் குளுக் யானைத் தந்தத்தில் மூட்டுகள் செய்து பார்த்தார். 1923இல் அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். உடலின் பாரம் தாங்காமல் அது உடைந்தது. 1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்து பொருத்தினார்கள். அந்தப் பந்து வைத்த ஒருவர் அசையும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டது; கூட உட்கார்ந்து சாப்பிட அவர் மனைவியால் முடியவில்லை. இந்தச் செய்தி ஜான் சார்ன்லி என்ற மருத்துவரின் காதில் விழுந்தது. கிறீச்சிடுகிறது என்றால் உராய்வு அதிகம், உராய்வு அதிகமென்றால் பொருத்திய பாகம் எலும்பிலிருந்து நெம்பிக் கழன்றுவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். உராய்வே இல்லாத பொருள் வேண்டும் என்று தேடப் போனார்.

கிடைத்தது டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஐம்பதுகளின் இறுதியிலிருந்து சுமார் 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார். தவழ்ந்தவர்கள் நடந்தார்கள். வலி போயிற்று. சில ஆண்டுகளில் வலி திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் எஃகுப் பந்து டெஃப்லானுக்குள் துளைபோட்டுக்கொண்டு மேலே ஏறியிருந்தது, சுற்றிலும் பாலாடைக் கட்டி போல வெள்ளைத் திரள். வழுக்கும் பொருள் தேயாது என்று எந்த விதியும் இல்லை. உராய்வு வேறு, தேய்மானம் வேறு. இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் 300 மனிதர்களின் இடுப்பில் கற்றது. ஒருவர் பின் ஒருவராக அவர்களை அழைத்து சார்ன்லியே மீண்டும் அறுவை செய்தார். டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, உடல் அதை எப்படி எதிர்க்கிறது என்றும் பார்த்தார்.

1962 மே மாதம், நெசவாலைத் தறிகளுக்கான பல்சக்கரங்கள் விற்கும் ஒருவர் புதுவகை பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ரைட்டிங்டனுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் தயாராகும் மிக நீளமான மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் அது. லங்காஷயர் ஆலைகளில் இரவும் பகலும் மோதும் பல்சக்கரங்களை அதில் செய்தார்கள். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. டெஃப்லானை விட உராய்வு கூடுதல், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அவருடைய பட்டறையில் சோதனைக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஹாரி க்ரேவன், சார்ன்லி ஊரில் இல்லாத நேரத்தில் அந்தத் துண்டைத் தேய்ப்புக் கருவியில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. அந்த நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளியின் இடுப்புக்குள் போனது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய மனிதர் க்ரேவன். பட்டம் பெற்ற மருத்துவர் வேண்டாமென்று ஒதுக்கியதைப் பட்டறைக்காரர் எடுத்து ஓட்டிப் பார்த்தார். இன்றும் உலகில் இடுப்பு மாற்று செய்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் இருப்பது அந்தப் பொருளின் வழித்தோன்றல்தான். சார்ன்லியும் அதன்பின் அவசரப்படவில்லை. தன்னிடம் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே பல ஆண்டுகள் அந்த மூட்டைக் கொடுத்தார். இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர இசைவு எழுதித் தருமாறு நோயாளிகளிடம் கேட்டார். பலர் தந்தார்கள். உடலுக்குள் ஆண்டுக்கு எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு அப்படித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

இனி பூஜப்புரைக்குத் திரும்பலாம்.

எழுபதுகளில் நம் நாட்டு இதய மருத்துவமனைகளில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் வால்வைச் சிதைத்துவிட்டிருக்கும். மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ அந்தக் குடும்பங்களுக்கு எட்டாதது. இங்கேயே செய்வோம் என்று வலியத்தான் முடிவெடுத்தார். பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். தேர்ந்தெடுத்தது சாய்வட்டு வகை: வளையத்துக்குள் ஒரே ஒரு வட்டு, இரத்தம் தள்ளும்போது சாய்ந்து திறக்கும், திரும்பி வரும்போது மூடும்.

ஓர் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை. இருபது வயதுப் பெண்ணுக்கு வைத்த வால்வு அவருக்கு அறுபது வயதாகும்வரை உழைக்க வேண்டுமானால் 150 கோடி முறை திறந்து மூட வேண்டும். இடுப்பு மூட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆண்டுக்கு 10 முதல் 20 லட்சம் அடிகள். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் அந்தப் பந்தின் மேல் விழும். அறுபது கிலோ மனிதருக்கு 150 கிலோவுக்கும் மேல். மூடிய வால்வின் வட்டை இரத்த அழுத்தம் தள்ளுவதோ ஒரு கிலோவுக்கும் குறைவான விசையோடுதான். இடுப்பைக் கெடுப்பது பாரம், வால்வைக் கெடுப்பது எண்ணிக்கை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

முதல் மாதிரியில் டைட்டானியக் கூடு, டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் வட்டு. வட்டைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கைகள் வளையத்தில் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்றவைத்த இடத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றது. கை முறிந்தது. முறிந்தது சோதனையில்தான், மனித உடலில் அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1986 வரை, அமெரிக்காவில் தயாரான பியார்க்-ஷைலி வால்வின் ஒரு வகை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்கு வைக்கப்பட்டது. அதிலும் கை பற்றவைக்கப்பட்டிருந்தது. நோயாளிகளின் இதயத்துக்குள்ளேயே அறுநூறுக்கும் மேற்பட்ட வால்வுகளில் அது முறிந்தது. வால்வு முறிந்தவர்களில் மிகுதியானோர் பிழைக்கவில்லை. பெரிய நிறுவனம், பெரிய பெயர், பெரிய சந்தை. பூஜப்புரையில் சோதனைக் கருவி சொன்னதை அங்கே மனிதர்கள் இறந்து சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது மாதிரியில் பற்றவைப்பே கிடையாது. ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து கூட்டைக் கடைந்தார்கள். டெல்ரின் ஈரத்தை உறிஞ்சி உப்பக்கூடியது என்பதால் அதையும் விட்டார்கள். அமெரிக்காவில் அப்போது வட்டுகளை வெப்பப் படிவுக் கரியில் செய்தார்கள். அணு உலை எரிபொருளுக்குப் பூச்சாகக் கண்டறிந்த பொருள் அது. அந்தத் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை. அதனால் செயற்கை நீலக்கல்லுக்குப் போனார்கள். கூட்டில் முறிவில்லை, வட்டில் தேய்வில்லை. ஆனால் துரிதச் சோதனையில் டைட்டானியக் கைகள் தேய்ந்து மெலிந்தன. டைட்டானியம் உடலோடு நன்றாக ஒத்துப்போகும், எடை குறைவு, எலும்பு அதைத் தழுவி வளரும். தேய்ப்புக்கு மட்டும் அது ஆகாது. இடுப்பு மூட்டுக்காரர்களும் இதைத் தனியே கற்றார்கள்: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டை டைட்டானியத்தில் செய்யலாம், உரசும் பந்தை அதில் செய்யக் கூடாது.

மூன்றாவது மாதிரியில் கூட்டை ஹெய்ன்ஸ்-25க்கு மாற்றினார்கள். பாதிக்குப் பாதி கோபால்ட். மீதியில் குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் கலந்த உறுதியான உலோகம். நீலக்கல்லுக்கு அது ஈடுகொடுத்தது. அந்த மாதிரிதான் ஆட்டுக்குள் போய் வட்டு சிதறியது. நீலக்கல் என்பது வேதியியலில் அலுமினா. 1970இல் பிரான்ஸின் போ நகரில் பியேர் புத்தேன் இடுப்பு மூட்டுக்கு முதன்முதலாகப் பயன்படுத்திய பீங்கானும் அலுமினாதான். அவருடைய தொடக்ககால மூட்டுகளிலும் முறிவு ஒரு தொல்லையாக இருந்தது. பீங்கான் தேயாது, ஆனால் வளையாது. உலோகம் சற்று வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அடுத்த மோதலில் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். தயாரிப்பில் ஒரு சிறு மாற்றம்கூட அதன் தலையெழுத்தை மாற்றும். 2001இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் சிர்க்கோனியா இடுப்புப் பந்துகள் உடல்களுக்குள் உடையத் தொடங்கியபோது, பொருளின் கலவையில் மாற்றமே இல்லை. சுடும் சூளையைத்தான் மாற்றியிருந்தார்கள். இன்றைய பீங்கான் மூட்டுகள் அலுமினாவோடு சிர்க்கோனியா கலந்து விரிசல் ஓடாதபடி செய்யப்படுபவை. முறிவு இப்போது மிக அரிது. ஆனால் அந்த அறிவு வர முப்பதாண்டுகள் ஆயின.

மூன்று தோல்விகள். ஒவ்வொன்றிலும் பலவீனமான பாகத்தை எடுத்துவிட்டு அதைவிடக் கடினமானதை வைத்தார்கள். பலவீனம் பக்கத்துப் பாகத்துக்கு நகர்ந்தது. சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்தால் எது கரையும் என்பது ஸ்ரீவராகத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் இரண்டு கல்லை ஒன்றோடொன்று மோதவிட்டால் என்ன ஆகும் என்பது மோதலின் வேகத்தையும் கோணத்தையும் பொறுத்தது. தேய்மானம் ஒரு பொருளின் குணம் என்று நாம் பேசுகிறோம். அது ஜோடியின் குணம். தனித்தனியே தேர்வில் முதலிடம் பெற்ற இரண்டு பொருட்கள் சேர்ந்தால் தோற்கலாம்.

ஆட்டின் இறப்புக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல ஆண்டு உழைப்பு, அரசுப் பணம், மூன்று மாதிரிகள் குப்பையில். வலியத்தான் குழு எதிர்த்திசையில் திரும்பியது. கடினத்தை விட்டுவிட்டு மென்மையை எடுத்தார்கள். ஹெய்ன்ஸ்-25 கூடு அப்படியே இருந்தது. வட்டு, சார்ன்லியின் கிண்ணம் செய்யப்பட்ட அதே மிக நீள மூலக்கூறு பாலிஎத்திலீன். அதற்குள் அந்தப் பொருளுக்கு மனித இடுப்பில் கால் நூற்றாண்டு அனுபவம் சேர்ந்திருந்தது. நீரை அது அநேகமாக உறிஞ்சுவதில்லை. இரத்தத்தை விடச் சற்றே எடை குறைவு. மோதும்போது அடியை வாங்கிக்கொள்ளும். அதனால் இந்த வால்வு மூடும் ஓசை மெல்லியது. வட்டு தன் இடத்திலேயே மெல்லச் சுழலவும் செய்யும், ஆகவே தேய்ப்பு ஒரே இடத்தில் விழாமல் சுற்றிலும் பரவும்.

துரிதச் சோதனைக் கருவியில் கோடிக்கணக்கான முறை இயக்கிப் பார்த்தார்கள். ஆடுகளுக்கு வைத்தார்கள். 1990 டிசம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தில் முதல் மனிதருக்கு வைத்தார்கள். உடனே விற்பனைக்கு ஓடவில்லை. 1990 டிசம்பர் முதல் 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு மட்டும் பொருத்தினார்கள்: 205 பேருக்கு மைட்ரல் வால்வு, 101 பேருக்கு அயோர்ட்டா வால்வு. பிறகு ஒவ்வொருவரையும் ஆண்டுகணக்கில் பின்தொடர்ந்தார்கள். வால்வு உடைந்ததாக ஒரு நிகழ்வுகூட இல்லை. சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. டி.டி.கே. சித்ரா வால்வு இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குள் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று தம் 90ஆவது வயதில் காலமானார்.

வாசகர் ஒருவர் இங்கே நியாயமாகக் கேட்கலாம்: இடுப்பில் இதே பாலிஎத்திலீன்தானே தொல்லை கொடுத்தது என்று? கொடுத்தது. டெஃப்லானோடு ஒப்பிட்டால்தான் அது தேயாத பொருள். சார்ன்லி மூட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆழம் தேய்ந்தது. பத்தாண்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர். கிண்ணம் ஓட்டையாகிவிடும் என்ற பயம் இல்லை. ஆபத்து ஆழத்தில் இல்லை, தூளில் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் லட்சக்கணக்கில் உதிரும் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நம் உடலின் துப்புரவு அணுக்கள் அவற்றைக் கிருமி என்று எண்ணி விழுங்குகின்றன. பாலிஎத்திலீனைச் செரிக்க அவற்றால் முடியாது. முடியாத அணு உதவி கேட்டு இரசாயனச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைக் கேட்டு எழுவது எலும்பைக் கரைக்கும் அணுக்கள். மூட்டு நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். எழுபதுகளில் இதை, மூட்டை எலும்பில் பதிக்கும் எலும்பு சிமெண்டால் வரும் நோய் என்று நினைத்தார்கள். சிமெண்டே இல்லாத மூட்டுகள் வந்து அங்கும் எலும்பு கரைந்தபோதுதான் குற்றவாளி தூள் என்று உறுதியாயிற்று.

பந்தின் அளவும் இதில் சேரும். 22 மில்லிமீட்டர்ப் பந்து 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் உதிரும் தூள் சுமார் 38 கன மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர்ப் பந்து அதே ஆழம் இறங்கினால் 80. ஆழம் ஒன்றே, தூள் இருமடங்கு. சார்ன்லி கடைசிவரை சின்னப் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதய வால்விலோ பாரம் ஒரு கிலோவுக்கும் கீழே. உதிர்வது மிகச் சொற்பம். உதிர்ந்ததும் மூடிய மூட்டுக்குள் எலும்பின் அருகே தேங்குவதில்லை. இடுப்பில் நோயைக் கொடுத்த பொருள் இதயத்தில் மருந்தானது இப்படித்தான். ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கே, எதோடு, எவ்வளவு பாரத்தில் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பாலிஎத்திலீனையே திருத்த வழி இருந்தது. கிருமி நீக்கக் காமாக் கதிர் செலுத்துவது வழக்கம். காற்றுப்பட அதைச் செய்தபோது கதிர் அறுத்த மூலக்கூறு முனைகளில் ஆக்சிஜன் ஏறி, அலமாரியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் முதுமை அடைந்தது. தொண்ணூறுகளில் இது புரிந்தது. காற்றில்லாமல், கூடுதல் கதிர் செலுத்தி, பிறகு சூடாக்கினால் அறுந்த முனைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடும். இந்தக் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் தொண்ணூறுகளின் இறுதியில் சந்தைக்கு வந்தது. பழையதில் பத்து பங்கு உதிர்ந்த இடத்தில் இதில் இரண்டு, மூன்று பங்குதான் உதிர்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேட்டில் பதினைந்து ஆண்டுக்கு மேலான கணக்கு இருக்கிறது: மறு அறுவை தேவைப்பட்டவர்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். 32, 36 மில்லிமீட்டர்ப் பெரிய பந்துகளை இன்று தைரியமாக வைப்பது இதன் பலத்தில்தான்.

இந்த அமைதியான திருத்தம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகம் மறுபடி கடினத்தின் பின்னால் ஓடியது. பிளாஸ்டிக் தூள்தான் சிக்கல் என்றால் பிளாஸ்டிக்கே வேண்டாமே. கோபால்ட்-குரோமியப் பந்து, கோபால்ட்-குரோமியக் கிண்ணம். இளைஞர்கள் ஓடலாம், ஆடலாம், பெரிய பந்து என்பதால் நழுவாது. தரையில் சப்பணமிட்டு உட்காரும் பழக்கமும், எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று இளம் வயதிலேயே இடுப்பு பாழாகும் நோயாளிகளும் நிறைந்த நம் நாட்டில் அந்த வாக்குறுதி இனிக்காமல் எப்படி இருக்கும்? ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக மூட்டை 2003இல் வெளியிட்டது. 2006இல் அதற்கு இந்திய இறக்குமதி உரிமம் கிடைத்தது.

சோதனைக் கருவியில் உலோகம் உலோகத்தோடு அழகாக ஓடியது. இடையில் மெல்லிய திரவப் படலம் நின்று இரண்டையும் பிரித்துவைத்தது. மனித உடலில் கிண்ணம் சற்றுச் சாய்வாகப் பொருந்தினாலும் பந்து விளிம்பில் ஏறியது. ஏ.எஸ்.ஆர். கிண்ணம் மற்றவற்றைவிட ஆழம் குறைந்தது, அதனால் இது இன்னும் எளிதாக நடந்தது. விளிம்பில் ஏறினால் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தை அரைக்கும். உதிர்ந்த அளவு கொஞ்சம்தான். ஆனால் நானோ அளவுத் துகள்கள், அவற்றிலிருந்து கரைந்து இரத்தத்தில் கலக்கும் கோபால்ட், குரோமியம். சுற்றியுள்ள தசை அழுகிச் செத்தது. சிலருக்குப் பார்வையும் செவியும் இதயமும் பாதிக்கப்பட்டன. இதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வகக் கருவியும் இல்லை. ஆஸ்திரேலியப் பதிவேடு ஒவ்வொரு மறு அறுவையையும் எழுதிவைத்திருந்தது. அங்கே 2009 டிசம்பரில் விற்பனை நின்றது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை என்று தெரிந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேர் உடலில் அது இருந்தது.

இந்தியாவில் சுமார் 4,700 பேர். உரிமம் 2012இல் ரத்தானது. 2017இல் மத்திய அரசு மருத்துவர் அருண்குமார் அகர்வால் தலைமையில் குழு அமைத்தது. அறிக்கை வந்தபோது 3,600 பேர் வரை எங்கிருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பிறகு வேறொரு குழு தொகையை உயர்த்தி அட்டவணை போட்டது, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போயிற்று. அந்த 3,600 பேரை நினைக்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. தோல்வியடைந்த உலோகம் உடலுக்குள் இருக்கிறது, வலியை முதுமை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், இழப்பீட்டுப் பணம் இருக்கிறது என்பதே தெரியாமல். 306 பேரையும் ஆண்டுகணக்கில் பின்தொடர முடிந்த நாடு இது. முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2015 ஜூலையில் மருத்துவக் கருவிகளால் வரும் தீங்குகளைப் பதிவுசெய்ய தேசியத் திட்டம் ஒன்று காசியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையத்தில் தொடங்கியது. அதற்குத் தேசிய ஒத்துழைப்பு மையமாக அமைந்தது நம் ஸ்ரீ சித்திரா. வால்வின் கைகள் முறிந்ததையும் வட்டு சிதறியதையும் மறைக்காமல் எழுதிவைத்துப் பழகியவர்களிடம் அந்த வேலை வந்தது பொருத்தம். அந்தப் பதிவுப் படிவத்தை மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் நிரப்பலாம்.

ஸ்ரீவராகம், கரமனை, வலியசாலைத் தெருக்களில் இடுப்பும் முட்டியும் மாற்றிக்கொண்ட பெரியவர்கள் பலர். பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டில். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவையின்போது ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலிருந்தும் ஒரு சிறு ஒட்டுச்சீட்டை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். நிறுவனம், அளவு, பொருள், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் அது இல்லையென்றால் மருத்துவமனையின் பதிவறையில் கேட்டு நகல் வாங்குங்கள். போனில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். நடக்கும்போது வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு கரைவது தொடக்கத்தில் வலிக்காது. 2010க்கு முன் உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் வைத்தவர் என்றால், இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி எலும்பு மருத்துவரிடம் இந்த மாதமே கேளுங்கள்.

எலும்பு சிமெண்ட் பல் மருத்துவரின் மேசையிலிருந்து இடுப்புக்கு வந்த கதை அடுத்த இதழில்.